சிவில் மேல்முறையீடு: நகல் மனு முதல் வாதம் வரை

வழக்கில் தோற்றவர் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் சொல்வது இதுதான்: "சார், அந்த ஜட்ஜ் நாம சொன்னதைக் காதிலேயே வாங்கலை. மேல போய் எல்லாத்தையும் சொல்லிடுவோம்." அந்த 'எல்லாத்தையும்' என்ற சொல்லிலேயே பல மேல்முறையீடுகள் தோற்றுவிடுகின்றன. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் சாட்சிக் கூண்டு இருக்கும். அனேகமாக யாரும் அதில் ஏறப்போவதில்லை. பக்கத்து நிலத்துக்காரரோடு போட்ட சண்டை கீழ் நீதிமன்றத்தோடு முடிந்துவிட்டது. இனி சண்டை தீர்ப்புரையோடுதான், அதாவது நீதிபதி காரணங்களோடு எழுதிய தீர்ப்போடுதான். எந்தப் பத்தியில், எந்தச் சான்றாவணத்தை, எப்படித் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும்.

இங்கே எழுதுவது தமிழ்நாட்டின் சிவில் வழக்குகளைப் பற்றி மட்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, அதில் முதல் மேல்முறையீட்டுக்கு 96ஆம் பிரிவும் 41ஆம் கட்டளையும், இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 100ஆம் பிரிவும். கிரிமினல் மேல்முறையீடு வேறு உலகம், அதைத் தொடவில்லை. ஜூனியர்களை நினைத்து எழுதியது என்றாலும், தன் கேஸ் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் கட்சிக்காரரும் படிக்கலாம்.

பேச்சுக்கு ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்குப் போகும் 10 அடி வண்டிப்பாதை. வாதி அதில் உரிமை கேட்டு முன்சீப் கோர்ட்டில் அசல் வழக்கு போட்டார். வாதியின் பத்திரத்தில் பாதை பற்றி எதுவும் இல்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நாம் வாதியின் வக்கீல்.

எங்கே போவது

முன்சீப் கோர்ட் தீர்ப்பு என்றால் வழக்கமாக சார்பு நீதிமன்றம். சார்பு நீதிமன்றம் கொடுத்த அசல் வழக்குத் தீர்ப்பு என்றால், வழக்கின் மதிப்பைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ. இந்த மதிப்பு வரம்பைத் திருத்தச் சட்டங்கள் மாற்றிக்கொண்டே இருப்பதால் பழைய புத்தகத்தை நம்பாதீர்கள். உயர் நீதிமன்றம் என்றால் சென்னையா மதுரையா என்பது மாவட்டத்தைப் பொறுத்தது. மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்ததிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை வழக்குகளும் அங்கேதான்.

மேல்முறையீடே கிடையாது என்ற நிலையும் உண்டு. இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பாணையை (டிகிரி, தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதிய ஆணை) எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. எக்ஸ்பார்ட்டி (ஒரு தரப்பு ஆஜராகாமல் வந்த) தீர்ப்பாணை என்றால் இரண்டு வழி இருக்கிறது: அதே கோர்ட்டில் ரத்து செய்யக் கேட்கலாம், நேராக மேல்முறையீடும் போடலாம். மேல்முறையீடு முடிவாகித் தள்ளுபடி ஆகிவிட்டால் முதல் வழி அடைபட்டுவிடும் என்பதை மறந்துவிட்டுச் சிலர் அவசரப்படுகிறார்கள்.

நாள் கணக்கு

மாவட்ட அளவிலான நீதிமன்றங்களுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். காலவரையறைச் சட்டம் 1963, அட்டவணையின் 116ஆவது இனம். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. சிக்கல் நகலில் வரும்.

சான்றிட்ட நகலில் ஒரு முத்திரை இருக்கும். நகல் மனு கொடுத்த தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, நகல் கொடுத்த தேதி என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். தீர்ப்புரையைப் படிப்பதற்கு முன் இந்த ஐந்து தேதியைப் படியுங்கள். நகல் வாங்கத் தேவைப்பட்ட நாட்களை காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கழித்துத் தருகிறது. ஆனால் 'தேவைப்பட்ட' நாட்களை மட்டும்தான். ஸ்டாம்ப் கேட்டும் நாம் கட்டாமல் இழுத்தடித்த நாட்கள் கழியாது. நகல் தயாரான பிறகு போய் வாங்காமல் விட்ட நாட்களும் கழியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜூன் 3 தீர்ப்பு. அந்த நாளை விட்டுவிடலாம். ஜூன் 10 அன்று நகல் மனு கொடுத்தோம், கேட்ட அன்றே ஸ்டாம்ப் கட்டினோம், ஜூன் 28 அன்று நகல் தயார். 10 முதல் 28 வரை இரண்டு நாளையும் சேர்த்து 19 நாள். 30உம் 19உம் 49. ஜூன் 4ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் ஜூலை 22 கடைசி நாள். அது கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தீர்ப்பாணை எழுத அலுவலகம் எடுத்துக்கொள்ளும் நேரம், நாம் நகல் மனு கொடுப்பதற்கு முந்தையது என்றால் கழியாது. 'தீர்ப்பாணை வரட்டும், அப்புறம் மனு போடலாம்' என்று காத்திருந்தால் நாட்கள் நம் கணக்கில்தான் போகும். அதனால் தீர்ப்பு சொன்ன அன்று மாலைக்குள் நகல் மனு உள்ளே போய்விட வேண்டும். தீர்ப்பாணை தயாராகவில்லை என்றாலும் தீர்ப்புரை நகலை வைத்தே மேல்முறையீடு தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது.

நாள் தாண்டிவிட்டதா? மேல்முறையீட்டோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் பிரமாணப் பத்திரமும் சேர்ந்தே போக வேண்டும். நம் ஊர்ப் பிரமாணப் பத்திரங்களில் மஞ்சள் காமாலை வராத கட்சிக்காரரே கிடையாது. நீதிபதிகளுக்கும் அது தெரியும். உண்மையிலேயே காமாலை என்றால் மருத்துவச் சீட்டை வையுங்கள். வேறு காரணம் என்றால் அதையே தேதியோடு சொல்லுங்கள். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும் என்பதை அறிவுக்குப் பொருந்தும்படி பார்க்க வேண்டும் என்று 1987இல் காட்டிஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தாராளமாகச் சொன்னது உண்மை. அதே உச்ச நீதிமன்றம் 2012இல் லிவிங் மீடியா வழக்கில் அஞ்சல் துறையின் 'ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது' என்ற சமாதானத்தை ஏற்கவில்லை. முதல் தீர்ப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு இரண்டாவதைக் காட்டும்.

காரணங்களை எழுதுவது

மேல்முறையீட்டு மனுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அங்கேதான் எல்லோரும் பழைய வழக்குக் கட்டிலிருந்து நகல் எடுக்கிறோம். "கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டத்துக்கும், சாட்சியத்தின் எடைக்கும், வழக்கின் நிகழ்தகவுகளுக்கும் முரணானது." தமிழ்நாட்டில் எந்த மேல்முறையீட்டை எடுத்தாலும் முதல் காரணம் இதுதான். பிள்ளையார் சுழி மாதிரி ஆகிவிட்டது. போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து எந்த நீதிபதியும் எந்தத் தீர்ப்பையும் மாற்றியதாக நான் பார்த்ததில்லை.

41ஆம் கட்டளையின் முதல் விதி என்ன கேட்கிறது? காரணங்கள் சுருக்கமாக, தனித்தனித் தலைப்பில், வரிசை எண்ணோடு, வாதமும் கதையும் இல்லாமல். நம் பாதை வழக்கில் இப்படி எழுதலாம்:

"3. வாதி தரப்பு 3ஆவது சான்றாவணமான கிரயப் பத்திரத்தின் சக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) மேற்கு எல்லை 'வண்டிப்பாதை' என்று குறிக்கப்பட்டிருக்க, பத்திரத்தில் பாதை பற்றிய குறிப்பே இல்லை என்று தீர்ப்புரையின் 14ஆம் பத்தியில் முடிவு செய்தது தவறு."

"4. தாவாப் (வழக்குக்குரிய) பாதையில் வண்டித் தடம் இருப்பதாக நீதிமன்றம் நியமித்த ஆணையரின் அறிக்கை கூறியிருக்க, அதற்கு ஆட்சேபணை தாக்கல் ஆகாத நிலையிலும், அதை நிராகரிக்கக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை."

இரண்டிலும் ஆவணம் இருக்கிறது, பத்தி இருக்கிறது, தவறு என்னவென்று இருக்கிறது. நீதிபதி கட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் நாம் சொன்னது அங்கே இருக்க வேண்டும். இப்படி ஆறு காரணம் எழுதுவது இருபத்தைந்து காரணம் எழுதுவதைவிடக் கடினம். நான் முதலில் தீர்ப்புரையில் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே பென்சிலில் குறிப்பேன்: இது சரி, இது தவறு, இது தவறு ஆனால் நமக்கு உதவாது. மூன்றாவது வகைதான் ஜூனியர்களைக் கெடுக்கிறது. நீதிபதி ஒரு தேதியை மாற்றிப் போட்டிருப்பார், அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதுவார்கள். அந்தத் தேதி சரியாக இருந்திருந்தாலும் முடிவு அதேதான் என்றால் விட்டுவிடுங்கள்.

மனுவில் எழுதாத காரணத்தை வாதத்தின்போது சொல்ல நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், வழக்குரையில் (வாதி முதலில் தாக்கல் செய்த மனுவில்) இல்லாத கதையை மேல்முறையீட்டில் புதிதாகச் சொல்ல முடியாது. கீழே 'பத்திரப்படி பாதை' என்று கேட்டவர் இங்கே வந்து 'நீண்டகால அனுபவத்தால் வந்த பாதை உரிமை' என்று மாற்றினால் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். அதனால் காரணங்களை எழுதும் முன் வழக்குரையை ஒரு தடவை படியுங்கள். நமக்கு முன்னால் வேறு வக்கீல் நடத்திய வழக்கு என்றால் இரண்டு தடவை.

தாக்கல்

புதிய வக்காலத்து, தீர்ப்புரை நகல், கோர்ட் கட்டணம், எதிர்த்தரப்புக்கான நகல்கள், பேட்டா (அறிவிப்பு அனுப்பும் கட்டணம்). மேல்முறையீட்டில் எந்த அளவுக்கு எதிர்க்கிறோமோ அந்த அளவுக்கு அசல் வழக்கில் என்ன கட்டணமோ அதேதான் இங்கும், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955இன்படி. கோர்ட் அலுவலகம் குறை சொல்லி ரிட்டர்ன் போட்டால் (மனுவைத் திருப்பித் தந்தால்) கொடுத்த கெடுவுக்குள் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்துவிடுங்கள். கெடு தாண்டினால் அதற்கும் தனியாக ஒரு தாமத மனு போட வேண்டி வரும். கட்டு அலமாரியில் தூங்கிப்போய், ஆறு நாள் தாமத மேல்முறையீடு ஓராண்டுத் தாமதமாக மாறிய கதைகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

கட்சிகள் பட்டியலை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஒரு பாகப்பிரிவினை மேல்முறையீட்டில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பாணையில் இருந்த பெயர்களை அப்படியே எடுத்துப் போட்டேன். அறிவிப்பு கொண்டுபோன கோர்ட் ஊழியரான அமீனா, நான்காம் எதிர்மேல்முறையீட்டாளர் இறந்து வெகுநாள் ஆயிற்று என்று எழுதித் திருப்பினார். நான் மனு போடும்போதே அவர் உயிரோடு இல்லை. இறந்தவருக்கு எதிராகப் போட்ட மேல்முறையீடு அவரைப் பொறுத்தவரை ஒன்றுமே இல்லாததற்குச் சமம். பாகப்பிரிவினையில் ஒரு பங்குதாரர் விடுபட்டால் முழு மேல்முறையீடும் ஆட்டம் காணும். அன்றிலிருந்து கட்சிக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "பட்டியல்ல இருக்கறவங்க எல்லாரும் இருக்காங்களா?"

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது யாராவது இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போகும். அப்படி அற்றுப்போனதை ரத்து செய்யக் கேட்க மேலும் 60 நாள் இருக்கிறது. அதையும் தாண்டினால் தாமத மனுவும் சேர்த்து மூன்று மனு.

ஸ்டே

மேல்முறையீடு போட்டாலே தீர்ப்பு நின்றுவிடும் என்று கட்சிக்காரர்கள் நினைக்கிறார்கள். நிற்காது. எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போட்டு அமீனாவோடு வாசலில் வந்து நிற்கலாம். ஸ்டே வேண்டுமென்றால் தனி மனு, 41ஆம் கட்டளை 5ஆம் விதி. கணிசமான இழப்பு வரும், தாமதமின்றி வந்திருக்கிறோம், பிணையம் தருகிறோம் என்ற மூன்றையும் பிரமாணப் பத்திரம் சொல்ல வேண்டும். பணத் தீர்ப்பாணை என்றால் தொகையைக் கட்டச் சொல்வார்கள் அல்லது பிணையம் கேட்பார்கள். 'எங்கிருந்து கட்டுவது' என்று கேட்கும் கட்சிக்காரரிடம் இதை மனு போடும் முன்பே பேசிவிடுங்கள். நம் பாதை வழக்கு போலத் தள்ளுபடி ஆன வழக்கில் நிறுத்தி வைக்க எதுவும் இல்லை. அங்கே பாதையை அடைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை உத்தரவுதான் கேட்க வேண்டும்.

ஸ்டே ஆறு மாதத்தில் தானாகவே காலாவதி ஆகிவிடும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது அது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது.

எதிர்த்தரப்பில் இருந்தால்

ஜெயித்தவர் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் செய்யாமல் விடுவது அதிகம். மேல்முறையீடு வரும் என்று தெரிந்தால் 148-ஏ பிரிவில் கேவியட் போட்டு வையுங்கள். 90 நாள் உயிரோடு இருக்கும். நம்மைக் கேட்காமல் ஸ்டே கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது குறுக்கு ஆட்சேபணை. வழக்கில் பாதி ஜெயித்துப் பாதி தோற்றிருக்கிறோம், எதிராளி மேல்முறையீடு போட்டுவிட்டார். தோற்ற பாதி நமக்கு வேண்டும் என்றால், விசாரணை நாளைச் சொல்லும் அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் குறுக்கு ஆட்சேபணை தாக்கல் செய்ய வேண்டும், அதற்கும் கோர்ட் கட்டணம் உண்டு. தீர்ப்பாணை முழுவதும் நமக்குச் சாதகம், ஏதோ ஒரு எழுவினாவில் (விசாரணைக்காக நீதிமன்றம் வகுத்த கேள்வியில்) மட்டும் எதிரான முடிவு என்றால் இது கட்டாயமில்லை. அந்த முடிவு தவறு என்று வாதத்திலேயே சொல்லலாம்.

புது ஆவணம்

"சார், இப்பத்தான் பீரோல கிடைச்சுது" என்று ஒரு பத்திரத்தோடு யாராவது வராத மேல்முறையீடு இல்லை. 41ஆம் கட்டளை 27ஆம் விதி மூன்று கதவுகளை மட்டுமே திறந்து வைத்திருக்கிறது: கீழ் நீதிமன்றம் ஏற்றிருக்க வேண்டியதை ஏற்க மறுத்தது, உரிய முயற்சி எடுத்தும் அப்போது நமக்குத் தெரியவராதது அல்லது கிடைக்காதது, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றத்துக்கே தேவைப்படுவது. சொந்த பீரோவில் இருந்தது இரண்டாவது கதவு வழியாக நுழைவது கடினம். பத்திரப் பதிவு அலுவலக நகல், புலப்படம் போன்ற பொது ஆவணங்களை மூன்றாவது கதவில் முயலலாம். இந்த மனுவைத் தனியாக முன்கூட்டியே முடிக்காமல் மேல்முறையீட்டோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2012இல் இப்ராஹிம் உத்தீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் மனுவை மறந்துவிட்டு வாதத்தை முடித்துவிடாதீர்கள். நீதிபதியும் மறந்துவிட வாய்ப்பு உண்டு.

வாதம்

வாதத்துக்கு முந்தைய நாள் மூன்று தாள் தயார் செய்யுங்கள். ஒன்றில் தேதி வரிசை. ஒன்றில் சான்றாவணங்களும் கட்டில் அவற்றின் பக்க எண்ணும். மூன்றாவதில் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள், நான்கைந்துக்கு மேல் போகாமல். மேல்முறையீட்டுத் தீர்ப்பில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் முடிவு, அதற்குக் காரணம் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது 41ஆம் கட்டளையின் 31ஆம் விதி. கேள்விகளை நாம் நன்றாக எழுதிக் கொடுத்தால் அவை தீர்ப்பிலேயே இடம்பெற வாய்ப்பு இருக்கிறது.

முதலில் பேசுவது மேல்முறையீட்டாளர், பிறகு எதிர்த்தரப்பு, கடைசியில் மேல்முறையீட்டாளருக்குப் பதிலுரை. தொடங்கும்போது 'இந்த வழக்கின் வரலாறு என்னவென்றால்' என்று 1950இலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "இது பாதை வழக்கு. நான் தோற்ற வாதிக்காக. பத்திரத்தில் பாதை இல்லை என்பதுதான் கீழ் நீதிமன்றம் சொன்ன ஒரே காரணம். பாதை சக்குபந்தியில் இருக்கிறது, கட்டில் 31ஆம் பக்கம்." இவ்வளவு போதும், நீதிபதி 31ஆம் பக்கத்தைத் திறப்பார். அவர் அதைப் படித்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு கலை. எனக்கு அது வரப் பத்து வருஷம் ஆயிற்று.

சாட்சியங்களில் எதைக் காட்டுவது? சாட்சி பொய் சொல்கிறார் என்று நிறுவப் பார்க்காதீர்கள். கூண்டில் நின்றவரை நேரில் பார்த்தது கீழ் நீதிபதிதான், அதில் மேல் நீதிமன்றம் எளிதில் கை வைக்காது. எதிர்த்தரப்புச் சாட்சி குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்ட வரிகளைக் காட்டுங்கள். "வாதியின் வண்டி அந்த வழியாகத்தான் போகும் என்றால் சரிதான்" என்று பிரதிவாதியின் சாட்சி சொல்லியிருந்தால் அந்த ஒரு வரியை அப்படியே படியுங்கள், முன்னும் பின்னும் உள்ள வரியையும் சேர்த்து. நாம் வெட்டி எடுத்துப் படித்தோம் என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் அப்புறம் நாம் சொல்வது எதுவும் எடுபடாது.

நீதிபதி கேள்வி கேட்டால் அப்போதே பதில் சொல்லுங்கள். 'அதற்கு வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வராமல் போகும் வக்கீல்கள் நிறைய. நமக்குப் பாதகமான ஆவணம் இருந்தால் அதை நாமே முதலில் எடுத்துக் காட்டுவது நல்லது. முன்தீர்ப்பு ஒரு விஷயத்துக்கு ஒன்று போதும், ஆனால் முழுதும் படித்ததாகவும் பிற்பாடு மாறாததாகவும் இருக்கட்டும். கீழ்த் தீர்ப்பை மாற்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் காரணங்களை நேருக்கு நேர் எதிர்கொள்ள வேண்டும் என்று 2001இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தத் தரப்பில் நின்றாலும் இந்த ஒரு தீர்ப்பு கையில் இருக்கலாம்.

போகவில்லை என்றால் என்ன ஆகும்? மேல்முறையீட்டாளர் வராவிட்டால் ஆஜராகாததற்காகத் தள்ளுபடி செய்யலாம். தகுதியின் அடிப்படையில் தள்ளுபடி செய்யக் கூடாது. 30 நாளுக்குள் மீண்டும் கோப்பில் எடுக்க மனு போடலாம்.

இரண்டாம் மேல்முறையீடு

இங்கே கதவு குறுகல். உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், அதுவும் கணிசமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டும். 1976 திருத்தம் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. கேள்வியை நாம் மனுவிலேயே துல்லியமாக எழுத வேண்டும், உயர் நீதிமன்றம் அதை வகுத்த பிறகுதான் விசாரிக்கும். 25,000 ரூபாய்க்கு மேற்படாத பணம் வசூலிக்கும் வழக்கில் இரண்டாம் மேல்முறையீடே கிடையாது. எது கணிசமான சட்டக் கேள்வி என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1962இல் சுனிலால் மேத்தா வழக்கில் ஏற்றுக்கொண்ட அளவுகோல், நம் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 1951இல் ரிம்மலபுடி சுப்பா ராவ் வழக்கில் சொன்னதை ஒட்டியது.

'கீழ் நீதிமன்றங்கள் சாட்சியத்தைச் சரியாகப் பரிசீலித்தனவா?' என்று எழுதினால் அட்மிஷனிலேயே (மனுவை ஏற்பதா என்று பார்க்கும் கட்டத்திலேயே) போய்விடும். 'எல்லை விவரத்தில் வண்டிப்பாதை என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட பத்திரத்தை, பாதை பற்றி எதுவும் சொல்லாத பத்திரம் என்று இரண்டு நீதிமன்றங்களும் பொருள்கொண்டது சட்டப்படி நிற்குமா?' என்று எழுதினால் கேட்க வாய்ப்பு இருக்கிறது. உரிமை தரும் ஆவணத்துக்குத் தவறாகப் பொருள்கொள்வது, நிரூபிக்கும் பொறுப்பை மாற்றிச் சுமத்துவது, சாட்சியமே இல்லாமல் முடிவுக்கு வருவது, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எவரையும் விசாரிக்காமலே உயில் நிரூபணமானது என்பது எல்லாம் வழக்கமாக இந்தக் கதவில் நுழைபவை.

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் என்பதால் டைப்டு செட்டில் (தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பில்) தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். இதை ஜூனியரிடம் தள்ளிவிட்டுக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். சக்குபந்தியில் 'வண்டிப்பாதைக்குக் கிழக்கு' என்று இருந்ததை 'கிழக்கில் வண்டிப்பாதை' என்று பொருள்படும்படி மாற்றி எழுதிய மொழிபெயர்ப்பை நான் பார்த்திருக்கிறேன். நான்கு எல்லையையும் தமிழ் மூலத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு தாக்கல் செய்யுங்கள்.